நான்கு மீட்டர் மணல்

“இந்த ஒரு இடத்துல மட்டும் கோடு ஏன் கடலுக்குள்ள போய் நிக்குது?” என்று பொறியாளரம்மா கேட்டதும், பக்கத்து மேஜைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

பொறியாளரம்மா இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அது கேட்கக்கூடாத கேள்வி என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அந்தக் கோட்டைப் போடுகிற கோட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அவருடைய வேலை கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். கடற்கரையில் ஓர் இரும்புத் தாங்கி நட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதில் போனை வைத்துப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். யார் எடுத்தாலும் ஒரே கோணம். பாதிப் படங்களில் அனுப்பியவரின் கட்டைவிரலும் சேர்ந்து வரும். ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இவர் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு கோடு இழுப்பார். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கடல் எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கே லாரி லாரியாக மணல் கொட்டுவது, எங்கே குளிக்கக்கூடாது என்று சிவப்புக் கொடி நடுவது, எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

அவர் போட்ட கோட்டைத் தாண்டக் கடலுக்கே தைரியம் வராது என்று அலுவலகத்தில் ஒரு கிண்டல் உண்டு. மூன்று வருஷமாக யாரும் அதைச் சொல்வதில்லை.

“நேத்து நானே போய்ப் பாத்தேன் சார். நீங்க நாலு மீட்டர் மணல் காட்டியிருக்கீங்க, அங்க மணலே இல்ல, பெரிய பள்ளம். நாளைக்கு லீவு ஆரம்பிக்குது. அவ்வளவு பிள்ளைங்களும் அங்கதான் வந்து இறங்கும்.”

பொறியாளரம்மா குரலில் கோபமில்லை. கணினிதான் ஏதோ கோளாறு செய்திருக்கிறது என்று நம்பினார். சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுங்கள், கொடி நடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணினி ஒரு கோளாறும் செய்யவில்லை. செய்தது கோட்டுக்காரர். மூன்று வருஷமாக, ஒவ்வொரு படத்திலும், தெரிந்தே செய்தார்.

திருத்துவதென்றால் கோடு முதன்முதலில் பிசகிய படத்திலிருந்து தொடங்க வேண்டும். அதைத் திறந்தார்.

மஞ்சள் கவுன். ஏழு வயது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறாள் அவருடைய மகள்.

படம் எடுத்த சில நிமிஷங்களில், அதே இடத்தில், ஊரே கூடி அவளைத் தேடியது.

இருபது நாள் விடுப்பு முடிந்து வந்து உட்கார்ந்தபோது, கோடு போடுவதற்கு வரிசையில் முதலில் காத்திருந்தது இந்தப் படம்தான். அவருக்குக் கை வரவில்லை. கோட்டை அவளுக்கு இந்தப் பக்கம் போட்டால் பிள்ளை கடலில் நிற்கிறாள். நாலு மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் போட்டார். காலடியில் மணல் வந்துவிட்டது.

அடுத்த படத்தில் அவள் இல்லை. இருந்தாலும் அவள் நின்ற இடத்திலிருந்து மணலை எடுக்க மனசு வரவில்லை. அதற்கடுத்த படத்திலும் வரவில்லை.

அந்த மணலை நம்பி எத்தனை பிள்ளைகள் அங்கே இறங்கியிருக்கும் என்று இன்றுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தார்.

மவுஸைப் பிடித்துப் புள்ளியை இழுத்தார். ஒரு மீட்டர். இரண்டு. புள்ளி நழுவிப் பழைய இடத்துக்கே ஓடியது. மறுபடி இழுத்தார்.

கோடு அவளைத் தாண்டிக் கரைப்பக்கம் வந்து நின்றது. மகளைத் தன் கையாலேயே தண்ணீரில் இறக்கிவிட்டார்.

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். “நீங்க என்ன பண்ணுவீங்க, பிள்ளை சொன்னா கேக்கலையே” என்றார்.

எல்லோருக்கும் தெரிந்த கதை அதுதான். போலீஸ் விசாரித்தபோதும், மனைவி சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் அவர் அதையேதான் சொன்னார். சொல்லச் சொல்லக் கேட்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள், பிடிவாதக்காரி என்று. மனைவி அதை நம்பி, இறந்த பிள்ளையை இன்றும் கோபித்துக்கொள்கிறாள்.

படத்தை அனுப்பியவர் என்கிற இடத்தில் கோட்டுக்காரரின் போன் நம்பர்தான் இருக்கிறது. அதை யாரும் கவனித்ததில்லை. கவனித்தாலும், பிள்ளை கையைத் தூக்கி அப்பாவுக்கு டாட்டா காட்டுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அது டாட்டா இல்லை. தாங்கிக்கு முன்னால் நின்றுகொண்டு தண்ணீரின் விளிம்பை மறைக்கிறாள் என்று, அவர்தான் அவளைப் பின்னால் போகச் சொன்னார். முகத்தை அப்பா பக்கமே வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய், போதுமா என்று கையைத் தூக்கிக் கேட்கிறாள்.

அன்று அவர் எடுத்த படத்தைப் போனிலேயே பார்த்தார். விளிம்பின் மேல் அவள் நிழல் இன்னும் லேசாக விழுந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார்.

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அவள்.