அன்பளிப்பு டம்ளர்

"நூத்திப் பன்னெண்டாம் நம்பரோட பேரும் அட்ரஸும் எனக்கு வேணும், டாக்டர்."

மனநல ஆய்வு மையத்தில் கேள்வி கேட்டுக் குறிக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பேச்சியம்மாளிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

"அவங்க சிகிச்சை குடுக்காத குழும்மா. ஆறு மாசம் கேள்வி மட்டும்தான். நடுவுல போய் நின்னா ஆய்வே கெட்டுடும்."

"அந்தம்மா செத்துப்போனா மட்டும் கெடாதா?"

"அதுக்குத்தான் படிவத்துல 'விலகியவர்'னு ஒரு கட்டம் இருக்கே" என்றார் டாக்டர் ஸ்ரீவத்சன்.

பேச்சியம்மாள் ஓர் எவர்சில்வர் டம்ளரை அவர் மேசையில் ணங்கென்று வைத்தாள். பதில் சொல்பவர்களுக்கு மையம் தரும் அன்பளிப்பு அது. காலையில் அறுபது கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "நீயே வச்சுக்க தாயி, இனி எனக்கு எதுக்கு?" என்று அந்தப் பெண் திருப்பித் தந்துவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "புதுசாத்தான் இருக்கு. அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். தன் வீட்டு வாசலில் நின்றால் தண்ணீர்த் தொட்டி தெரியும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அந்த ஊரில் எல்லா வாசலிலிருந்தும் அது தெரியும். பேச்சியம்மாள் முதல் தெருவுக்குள் திரும்பினாள்.