பால் இறங்காத மண்

உடலை ஆஸ்பத்திரியிலிருந்தே எரிமேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் மூன்றாம் நாள் பாலை, காட்டுத்தீயை அணைக்கப் போன சடையன் விழுந்து கிடந்த மலைச்சரிவிலேயே ஊற்றுவதென்று முடிவானது. அவன் மனைவி காளீஸ்வரி சொம்பைச் சாய்த்தாள். பால் மண்ணுக்குள் இறங்கவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, கரிந்த மண்மேல் அப்படியே நின்றது.

“எம்புள்ள ஏத்துக்கலயே!” என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். மூன்று நாளாகக் கண்ணீரே விடாதவள். அந்தப் பார்வைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“அப்படியெல்லாம் இல்லம்மா,” என்றார் சடையனோடு தீக்காவலுக்குப் போய்வந்த இருளப்பன். “தைல மரம் எரிஞ்ச மண்ணு. அந்த எண்ணெ உள்ள எறங்கி மெழுகாட்டம் படிஞ்சிரும். இனி என்ன ஊத்துனாலும் குடிக்காது. புல்லு மொளைக்கவே ரெண்டு வருசம் ஆவும்.”

காளீஸ்வரி விரலால் கீறிப் பார்த்தாள். உள்ளேயும் பொடியாகக் காய்ந்தே கிடந்தது. மேற்கே இடி உருண்டது.

“வரட்டும், நல்லா கொட்டட்டும். எம்புள்ள வெந்த எடம் குளுரட்டும்,” என்று மாமியார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“மண்ணு குடிக்கலன்னா, அம்புட்டுத் தண்ணியும் எங்கண்ணே போவும்?”

மூன்று நாளில் காளீஸ்வரி வாய் திறந்தது அப்போதுதான். இருளப்பன் சரிவுக்குக் கீழே பார்த்தார். அங்கே பதினாறு ஓட்டு வீடுகள். மூன்றாவது வீட்டில் அவள் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் சொட்டு விழுந்தது. உடையாமல் உருண்டு, அவள் காலைத் தாண்டி, கீழே போனது.