ஒரு மாத வாடை

"எங்கேயோ எதுவோ செத்துக் கெடக்குதுங்க. நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள அதைத் தூக்கிப் போட்டாத்தான் இந்த வீடு நமக்கு. இல்லைன்னா நடுத்தெருதான்," என்றாள் பவுனம்மாள்.

அவள் புருஷன் பக்கிரிசாமி சலவை அறையின் தரைப் பலகையை நெம்பி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசையில் கடைசி வீடு அது. பின்பக்கம் தகரம் இறக்கிய அறையில், ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் நாலு பேருக்குத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்து வந்தாள் பவுனம்மாள். ஒரு மாதமாக அங்கே ஒரு நாற்றம். அழுகல் நாற்றம். கஞ்சிப் பானையை மாற்றியாயிற்று. பின்னால் ஓடும் லோங்காங்குச் சாக்கடையைச் சுரண்டிக் கழுவியாயிற்று. பினாயிலைக் குடம் குடமாக ஊற்றியும் அது அசைந்து கொடுக்கவில்லை. மூன்று கிராணிமார் துணியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் புண்ணியவதி மூக்கைப் பிடித்துக்கொண்டே சுகாதார ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதி வைத்துவிட்டாள்.

"படுத்தாலும் வருதுங்க, சமைச்சாலும் வருது. என் மூக்குலயே குடியேறிடுச்சு போல."

"அப்படித்தான் இருக்கும். போய்ப் படு," என்றார் பக்கிரிசாமி.

"எப்படிங்க தூக்கம் வரும்? வர்றது செபாஸ்டியன் இன்ஸ்பெக்டராம். ஈவிரக்கம் இல்லாத ஆளு. நம்ம நாகையா அண்ணனைச் சுங்கை பூலோ குஷ்டரோக முகாமுக்கு ஏத்தி விட்டது அவர்தானே. அவர் பொண்டாட்டி லோரிக்குப் பின்னாலயே ஓடினப்பகூட நிறுத்தலையே."

பக்கிரிசாமி பலகையை மெதுவாக மூடினார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேதான் நுழைந்தார். பவுனம்மாள் கதவோரம் ஒதுங்கி நின்றாள். இன்னும் அரை மணியில் சட்டி பானையோடு தெருவில் நிற்கப்போகிறோம் என்றே நினைத்தாள்.

"இந்த மூலையில இன்னும் பார்க்கலைங்கய்யா," என்று பக்கிரிசாமி ஒரு பலகையை நெம்பினார். உள்ளே கைவிட்டு, பூனை அளவில் ஒரு பெருச்சாளியை வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். "இதுதானா? பொதைச்சுட்டுச் சுண்ணாம்பு போடு. வீட்டுல இருந்துக்கலாம்." நோட்டில் ஏதோ எழுதினார். "வீட்டுல யாருக்காவது தேமல், மரத்துப்போன எடம் எதாவது உண்டா? எல்லா வீட்டுலயும் கேக்கச் சொல்லி உத்தரவு."

"இல்லைங்கய்யா," என்றார் பக்கிரிசாமி.

இன்ஸ்பெக்டர் போனதும் பவுனம்மாள் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டு, தணல் துண்டுகள் தரையில் சிதற ஊதி, மிச்சமிருந்த ஒரு கிராணியின் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாகப் பேச்சு வந்தது.

"பாழாப்போன பெருச்சாளி, என்ன பாடு படுத்திடுச்சு." ஓரத்தில் கிடந்ததை எட்டிப் பார்த்தவளின் குரல் இறங்கியது. "ஏங்க, இது நேத்துச் செத்த மாதிரில்ல இருக்கு. ஒரு மாசமா நாறினது இதுவா? நேத்துச் சாயங்காலம் ரயில்வே குடோன்லேர்ந்து சாக்குல என்னமோ சுருட்டிக்கிட்டு வந்தீங்களே, இதுதானா?"

பக்கிரிசாமி பெருச்சாளியைச் சாக்கில் தள்ளிச் சுருட்டினார்.

"சொல்லுங்க. எதுக்கு இந்த நாடகம்?" கேட்டவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "இப்ப என்னங்க, என்னமோ கருகுது?" பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கோட்டு வெள்ளையாகவே இருந்தது. "கூரையில எதாவது பத்திக்கிச்சா?" என்று அண்ணாந்து தேடினாள்.

பக்கிரிசாமி ஓடிவந்து மண்டியிட்டு, அவள் இடது காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஒரு மாதமாக அழுகிக்கொண்டிருந்த புண்ணுக்குள் புதைந்து புகைந்த நெருப்புத் துண்டை விரலால் பிடுங்கி எறிந்தார்.

"ஐயோ, கையைச் சுட்டுக்கிட்டீங்களே, ரொம்ப எரியுதா?" என்றாள் பவுனம்மாள்.