சேறு படாத டயர்

போன மழையில் தக்காளிக் காட்டு வழியில் சிக்கி அவமானப்பட்ட பிக்கப் வண்டி ஒன்று, சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற பெரிய பல் வைத்த டயர்களாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி மாட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்துக்கொண்டது. பழைய வழுக்கை டயர்களை முதுகில் போட்டுக்கொண்டது.

மறுபடியும் மழை. சேற்றுக்கு அந்தப் பக்கம், பறித்த தக்காளி கூடை கூடையாகக் காத்துக் கிடந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் அழுகிவிடும். வண்டி இந்தப் பக்கமே நின்றது.

“இறங்குங்கண்ணே, இதுக்குத்தானே எங்களை வாங்கினீங்க?” என்றது புது டயர்.

“குங்குமம்கூட இன்னும் அழியலையேடா. பாழாயிடும்.”

“அப்ப எங்களை மாட்டுப்பா,” என்றது வழுக்கை டயர். “எங்ககிட்ட இனிமே பாழாக என்ன இருக்கு?”

வண்டிக்கு அது நியாயமாகப் பட்டது. மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கியது. அச்சு வரைக்கும் புதைந்தது.

அந்தப் பக்கமிருந்து அழுகல் வாடை வரத் தொடங்கியபோது, முதுகில் இருந்த புது டயரை வண்டி விசாரித்தது.

“தம்பி, உன் மேல ஒண்ணும் தெறிக்கலையே?”