முதல் டிரிப்

"டூப்ளிகேட்டை என் ஷெட்டுல மாட்ட மாட்டேன் சார். அதான் வேணும்னா வேற மெக்கானிக்கைப் பாருங்க."

சகாயம் இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பழைய மாருதியின் பானெட் மேல் வைத்தார். ஒன்றில் இருந்தது கம்பெனி பிரேக் பேட். மற்றது அச்சு அசல் அதே மாதிரிப் பெட்டியில் வந்த போலி. போலியை எடுத்து ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

சௌந்தரராஜன் முகத்தைச் சுளித்தார். ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காரும் அவரோடு சேர்ந்தே கிழடாகியிருந்தது.

"நல்லதையே போடுங்க. சாயங்காலம் பேரணாம்பட்டு காட் ரோடு இறங்கணும். மலையில பிரேக் பிடிக்கலேன்னா அப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இல்லை."

"பேட் மட்டும் மாத்தினா பத்தாது சார்." சகாயம் போலிப் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, முன்சக்கரத்தைக் கழற்றினார். பேட் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இந்த டிஸ்க்கைப் பாருங்க. தேஞ்சி பள்ளம் பள்ளமாக் கெடக்குது. ஓரத்துல விரிசல் வேற. ரெண்டு பக்கமும் புச்சு போட்டுடலாம்."

ராபர்ட்சன்பேட்டைக் கடையிலிருந்து புது டிஸ்க்குகள் வந்து இறங்கின. சகாயம் அவற்றைச் சௌந்தரராஜனின் கண்ணெதிரிலேயே மாட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"நான் மைன்ஸ்ல ஃபிட்டரா இருந்தவன் சார். ஆளுங்களைச் சுரங்கத்துக்குள்ள எறக்குற கேஜுக்கு எவன் பிரேக் மாத்துறானோ, அவன்தான் மொத டிரிப்புல எறங்கணும். எங்க ஷாஃப்ட்ல அது சட்டம். மைன்ஸை மூடிட்டாங்க, நான் சட்டத்தை மூடலை." சகாயம் கதவைச் சாத்தினார். "என் பொண்ணு வேலூர்ல நர்ஸுக்குப் படிக்கிறா. அவளுக்கே சொல்லி வச்சிருக்கேன், அப்பன் உக்காந்து பாக்காத வண்டியில கால் வைக்காதன்னு."

ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்த பாலகாட் இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது. சௌந்தரராஜன் பிரேக்கை மிதித்தார். வண்டி நினைத்த இடத்தில் நின்றது.

தங்கவயலில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தான் மாட்டிய பிரேக்குக்குத் தன் உயிரையே ஈடாக வைக்கிறவர் சகாயம் ஒருவர்தான். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷனா என்று சௌந்தரராஜனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சகாயம் தலையைச் சாய்த்து யோசித்தார். "லேசா கீச்சுனு கேக்குது சார். கழட்டி, உப்புத்தாள்ல ஒரு தேய் தேய்ச்சுக் குடுத்துடறேன். நீங்க வூட்டாண்ட நெழல்ல உக்காருங்க."

சௌந்தரராஜனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இப்பேர்ப்பட்டவரிடம் போய் என்ன கேள்வி கேட்பது? வீட்டு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்தார். உள்ளே சகாயத்தின் மகள் வின்னி லீவு முடிந்து வேலூருக்குத் திரும்பத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. சகாயம் அவரை எழுப்பிச் சாவியைக் கொடுத்தார். "பியாட்ரிஸ், சாருக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு கோணிப்பையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குக் கிளம்பினார்.

டக்ளஸின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கோணிப்பை அவிழ்ந்தது. காலையில் அங்கிருந்து போன அதே புது டிஸ்க்குகள், அதே கம்பெனி பேட்.

"மறுபடியும் அதே செட்டா?" டக்ளஸ் அவற்றைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "அந்தாளு வண்டியில இப்ப இன்னாதான் கீது?"

"அவரோட பழைய டிஸ்க்குதான். நல்லா மினுக்கி மாட்டிட்டேன். பேடு டூப்ளிகேட்டு."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். சகாயத்துக்கு அந்த முதல் டிரிப்பே ஆயுதம். நல்ல பிரேக்கை மாட்டி ஒரு தடவை உட்கார்ந்து காட்டிவிட்டால் போதும், அப்புறம் எவன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கப் போகிறான்?

"காட் ரோடு எறங்குறாருன்னியே."

"எறங்கட்டும். நின்னா சந்தோஷம். நிக்கலேன்னா குறை சொல்ல ஆளு வராது."

இருவரும் சிரித்தார்கள். டீ வரவழைத்துக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, சகாயம் நிதானமாகக் கிளம்பினார். வழியில் வின்னிக்கு எலுமிச்சம்பழம் வாங்கினார். பஸ் வாடை அவளுக்கு ஆகாது. பழத்தை மோந்துகொண்டே போனால்தான் வாந்தி வராது. ஒரே பெண், அவள் மேல் அவருக்கு உயிர்.

"வின்னி எங்க? பஸ்ஸுக்கு நேரமாவுது."

பியாட்ரிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவ கெளம்பி ஒரு மணி நேரம் ஆவுதுங்க. அந்த சாரும் வேலூருக்குத்தான் போறாராம். பஸ்ஸுல ஏன்மா கஷ்டப்படறே, வந்து ஏறிக்கோன்னாரு. இந்நேரம் காட் ரோடே வந்திருக்கும்."

எலுமிச்சம்பழங்கள் சகாயத்தின் கையிலிருந்து நழுவி உருண்டன.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

பியாட்ரிஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க உக்காந்து பாத்த வண்டிதானே."