இரண்டு விரல் அழுத்தம்

"ஐயோ, வேணாம்மா! உள்ள ஏதாவது டப்புனு விட்டுடும்!"

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்த பெயிண்டர் அலறினார்.

ஏணியிலிருந்து விழுந்து நாலு மாதம். எலும்பெல்லாம் கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் மனைவி தூக்கிவிடாமல் மனிதர் ஒரு நாளும் எழுந்ததில்லை. அத்தனை பயம்!

பிசியோ பெண் அவருடைய இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக இரண்டு விரலை வைத்து அழுத்தினாள்.

"ஒண்ணும் விடாதுண்ணே. தொப்புளை மெதுவா முதுகுப் பக்கம் இழுங்க. அடிவயித்துக்கு உள்ள ஒரு தசை இருக்கு. முதுகுக்கு அதுதான் பெல்ட்டு. அது இறுகினா என் விரலுக்குத் தெரிஞ்சிடும். மூச்சை மட்டும் அடக்காதீங்க."

பெயிண்டர் முதல் காரியமாக மூச்சை அடக்கினார். நெஞ்சு புடைத்தது. கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

"வயித்தை இழுக்கச் சொன்னா மலையை இழுக்கச் சொன்ன மாதிரி முழிக்கிறதைப் பாரு!" சுவரோரம் நின்ற மனைவி வெடித்தாள். "காலம் பூரா படுத்தே கிடக்கலாம்னு நினைப்பா? இனிமே என்னால தூக்க முடியாது, சொல்லிட்டேன்!"

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கை கொடுத்தவளே கை கழுவிவிட்டால் மிச்ச ஆயுசுக்கும் கட்டில்தானா?

பிசியோவுக்கு எரிச்சலாக வந்தது. நோயாளியிடம் இப்படியா பேசுவார்கள்?

"நீங்க வாங்கக்கா. பக்கத்துக் கட்டில்ல படுத்து நீங்களே செஞ்சு காட்டுங்க."

மனைவியின் முகம் வெளிறியது. "எனக்கெதுக்கு? வீட்டுல வேலை தலைக்கு மேல கிடக்கு."

"ஒரே நிமிஷம்."

"ஊருக்குத்தான் உபதேசம்," என்று பெயிண்டர் முணுமுணுத்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். பிசியோ விரலை வைத்தாள்.

"இழுங்கக்கா."

விரலுக்கு அடியில் எதுவுமே அசையவில்லை. இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. படுத்திருந்தவளின் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"சரிக்கா, எழுந்திரிங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வீட்டுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருப்பேன். இங்க பிடிக்க ஒண்ணுமில்லையே..."

பிசியோவுக்குத் திக்கென்றது. "எத்தனை நாளா இந்த வலி?"

"மூணு மாசமா. ஒருநாள் அவரைத் தூக்கும்போது இடுப்பு பிடிச்சுது." குரலைத் தாழ்த்தினாள். "அவருகிட்ட சொல்லிடாதம்மா. ஏற்கெனவே பயந்து சாகுறாரு. என்னிக்காவது பாதியில நழுவ விட்டுடுவேனோன்னுதான் இப்படிக் கத்துறேன்."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

யாரும் தூக்கிவிடாமலே எழுந்து வந்து நின்ற பெயிண்டர், கையை மனைவியிடம் நீட்டினார்.

"மெதுவா... என் கையைப் பிடிச்சுக்கோ. மூச்சை மட்டும் அடக்காதே."