பஞ்சுவின் பந்து

நிலநடுக்கத்தில் சரிந்து கிடந்த அடுக்குமாடியின் மேல் மோப்ப நாய் பஞ்சு முகர்ந்துகொண்டே போனான். வேலையில் இறங்கிவிட்டால் யார் நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். உள்ளே உயிர் இருந்தால் குரைப்பான். உயிர் போன உடல் இருந்தால் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவான். எதுவானாலும் உடனே பந்தைக் கொடுத்துக் கொஞ்ச வேண்டும். அதுதான் அவனுக்குக் கூலி.

"சமையலறைப் பக்கம் பாருங்க தம்பி. என் பொண்ணு அங்கதான் இருந்திருப்பா" என்றாள் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த பெண்.

சமையலறை இருந்த இடத்தில் பஞ்சு நின்றான். உட்கார்ந்தான்.

மீட்புப் படைக்காரனுக்கு, பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தை எடுக்க மனசு வரவில்லை.

"காலைலேருந்து ஓடிட்டிருக்கான்ல, களைச்சுப் போயிட்டான்மா. கவலைப்படாதீங்க, தேடுவோம்."

"பந்தைக் குடுங்க தம்பி."

"எந்தப் பந்தும்மா?"

"உங்க பாக்கெட்ல இருக்கறது. சரியாத்தானே சொல்லியிருக்கான்? இப்பக் குடுக்கலேன்னா தப்புப் பண்ணிட்டோம்னு நினைச்சுக்குவான். அடுத்த வீட்டுல உட்கார மாட்டான்."

"உங்களுக்கு எப்படிம்மா…"

"குட்டியிலேருந்து பழக்கி உங்க ஆபீசுக்கு அனுப்பினவளே நான்தான்."

மீட்புப் படைக்காரன் பந்தை நீட்டினான். அவள் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பஞ்சுவின் எதிரே மண்டியிட்டாள்.

"சமத்துடா பஞ்சு! என் ராஜா! கண்டுபிடிச்சுட்டியே!"

குரலில் குதூகலத்துக்கு ஒரு குறையும் இல்லை. பஞ்சுதான், பந்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் கன்னத்தை நக்கிக்கொண்டே இருந்தான்.